மருமகனின் இராணுவப் பயிற்சி நிறைவு விழா: அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறோம், என்னென்ன கவனிக்க வேண்டும்?

வாவிக்கரை (ஆரையம்பதி)

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை குடும்பம் நியூ ஜேர்சியில் இருக்கிறது. அவளுடைய மூத்த மகன் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, இப்போது தென் கரோலினா மாநிலத்தில் போர்ட் ஜக்சன் என்ற முகாமில் அடிப்படைப் பயிற்சியில் இருக்கிறான். பத்து வாரப் பயிற்சி. நவம்பர் நடுப்பகுதியில் முடியும் என்கிறார்கள். அதன் பிறகு காயப்பட்டவர்களுக்கு முதலுதவி செய்யும் மருத்துவப் பிரிவுக்குப் படிக்க டெக்சாஸ் போவானாம்.

பிள்ளை சின்ன வயதில் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். என் அம்மாதான் சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் மடியில் வைத்துக்கொண்டு இருந்தவர். "அவன்ட விழாவுக்கு நான் போகாம ஆர் போற?" என்று முடிவாகச் சொல்லிவிட்டார். தங்கை வீட்டுக்குப் போவதற்கென்று எடுத்த விசா எங்கள் இருவரிடமும் இருக்கிறது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, முழங்கால் வருத்தம், சீனி வருத்தமும் உண்டு.

இலங்கைக் கடவுச்சீட்டோடு முகாமுக்குள் விடுவார்களா? என்ன உடுத்துவது, என்ன கொண்டு போகலாம்? விழா ஒரு நாளா இரண்டு நாளா?

இன்னொன்றும் இருக்கிறது. அம்மாவுக்குச் சீருடையைக் கண்டால் இன்றைக்கும் கை நடுங்கும். தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்துச் சுற்றிவளைப்புகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த நாளில் அவர் சந்தோஷமாக இருக்க வேண்டும். அதற்கு என்ன செய்யலாம் என்றுதான் முக்கியமாகக் கேட்கிறேன்.

கரோலினாக் காற்று (களுவாஞ்சிகுடி, இப்போது வட கரோலினா)

தம்பி, என் மகள் அதே போர்ட் ஜக்சனில்தான் பயிற்சி முடித்தாள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாள் கணக்கு. விழா வியாழக்கிழமை. அதற்கு முதல் நாள் புதன்கிழமை குடும்ப நாள். இரண்டும் ஹில்டன் பீல்ட் என்ற பெரிய மைதானத்தில் நடக்கும். ஒன்றுக்குத்தான் போக முடியும் என்று நிலைமை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு புதன்கிழமையைத் தெரிவு செய்யுங்கள். வியாழன் நடப்பது அணிவகுப்பு, பேச்சு, கொடி, வாத்தியம். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பிள்ளை உங்கள் கைக்கு வருவது புதன்கிழமைதான்.

குடும்ப நாளில் என்ன நடக்கும் என்பதை அம்மாவுக்கு இப்போதிருந்தே சொல்லி வையுங்கள். மைதானத்தின் எதிர்ப்பக்கம் மரக்காடு. நாங்கள் படிவரிசையில் காத்திருப்போம். ஒலிபெருக்கியில் உரத்த இசை போடுவார்கள், மரங்களுக்கிடையே கலர் கலராகப் புகை எழும்பும், சில வேளை வெடிச்சத்தமும் கேட்கும். அந்தப் புகைக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள் சீருடையோடு எங்களை நோக்கி ஓடி வருவார்கள். சுற்றிவர இருக்கும் அமெரிக்கக் குடும்பங்கள் எழும்பி நின்று கத்திக் கைதட்டும். என் பக்கத்தில் இருந்த என் மாமியார், பெரியகல்லாற்றுக்காரர், என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. நான் முன்பே சொல்லியிருந்ததால்தான் அவர் இருக்கையை விட்டு எழும்பாமல் இருந்தார். தெரியாமல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்கு மனம் வரவில்லை.

உங்கள் அம்மா சுற்றிவளைப்பைப் பார்த்தவர் என்கிறீர்கள். அப்படியென்றால் வாயால் சொன்னால் மட்டும் போதாது, காட்ட வேண்டும். போர்ட் ஜக்சன் குடும்ப நாள் என்று தேடினால் யூடியூபில் எத்தனையோ காணொளிகள் வரும். முதலில் சத்தம் இல்லாமல் போட்டுக் காட்டுங்கள். பிறகு மெல்லிய சத்தத்தில். ஒரே நாளில் வேண்டாம், ஆறுதலாகச் செய்யுங்கள். "இதுக்குள்ள இருந்துதான் எங்கட பிள்ளை வருவான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். அங்கு போனதும் ஒலிபெருக்கிக்குக் கிட்ட இருக்காதீர்கள், படிவரிசையின் ஓரமாகப் பாருங்கள். காதுக்குப் பஞ்சு கொண்டு போங்கள். பொறுக்க முடியாவிட்டால் அந்தச் சில நிமிடங்கள் காரிலேயே இருந்துவிட்டுப் பிறகு மைதானத்துக்கு வரலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்தது, அம்மாவின் மனம் நோகக்கூடிய இடம். நிகழ்ச்சி முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக, அசையாமல், நேரே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். குடும்பத்தில் ஒருவர் போய்த் தோளில் தட்டும் வரை அந்தப் பிள்ளை அசையக் கூடாது, சிரிக்கவும் கூடாது. முன்னால் போய் நின்றாலும் உங்களைக் கண்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டான். தலை மழித்திருக்கும், மெலிந்திருப்பான், கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும். "என்னைத் தெரியல்லயோ இவனுக்கு" என்று அம்மா நினைத்துவிடக் கூடாது. தட்டிய அடுத்த நொடி அவன் பழைய பிள்ளை. யார் தட்டுவது என்று குடும்பத்துக்குள் முன்பே பேசி முடிவெடுங்கள். அங்கு நின்று யோசிக்க நேரம் கிடைக்காது.

மிச்சக் கேள்விகளுக்கு இரவு வந்து எழுதுகிறேன்.

வாவிக்கரை

அக்கா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். புகை, வெடி பற்றி தங்கைக்கே தெரியாது. மிகவும் நன்றி. தட்டுவது அம்மாதான், அதில் வீட்டில் இரண்டாம் பேச்சு இல்லை. தங்கையும் சம்மதம் சொல்லிவிட்டாள்.

சாய்ந்தமருதுக் கடல்

என் சகோதரியின் மகன் அமெரிக்கக் கடற்படையில். அவர்களுக்கு இடம் வேறு, சிக்காகோவுக்குப் பக்கத்தில் கிரேட் லேக்ஸ். அங்கு விருந்தினர் பட்டியலில் பெயர் இல்லாமல் உள்ளே போகவே முடியாது, அந்தப் பட்டியலைப் பிள்ளைதான் பயிற்சிக்குள் இருந்தபடி கொடுக்க வேண்டும். மரைன் படைக்குப் பயிற்சி 13 வாரம், இடம் பாரிஸ் ஐலண்ட் அல்லது சான் டியாகோ. விமானப்படைக்கு டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ. ஆகவே இந்த இழையை வாசிக்கும் மற்றவர்கள் எந்தப் படை, எந்த முகாம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு முகாமின் நடைமுறையை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்த்தால் வாசலில்தான் நிற்க வேண்டி வரும்.

வாவிக்கரைத் தம்பி, அம்மாவை அல்லாஹ் நல்லபடியாகக் கொண்டு சேர்ப்பான்.

திருக்கோவிலான்

மன்னிக்க வேண்டும், மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் மண்ணில் சீருடைக்குப் பயந்து காட்டுக்குள் படுத்துக் கிடந்த சனங்கள் நாங்கள். என் குடும்பத்திலும் திரும்பி வராதவர்கள் இருக்கிறார்கள். எந்த நாட்டுப் படையாக இருந்தாலும், அந்த அணிவகுப்பில் போய்க் கைதட்ட என்னால் முடியாது. உங்கள் அம்மாவை அங்கு கூட்டிப் போவது அவருக்கு நல்லதா என்று இன்னொரு முறை யோசியுங்கள். அந்தப் பிள்ளை மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

வாவிக்கரை

அண்ணா, நீங்கள் சொன்னதில் பிழையாக எடுக்க ஒன்றும் இல்லை. இதே கேள்வியை நான் அம்மாவிடம் நேரடியாகக் கேட்டேன். "பயத்துக்காக வீட்டுக்குள்ள இருந்த காலமெல்லாம் போதும். பிள்ளை என்னைத் தேடுவான்" என்றார். அவன் துவக்குப் பிடிப்பது அவருக்கும் விருப்பமில்லை, மருந்து கட்டுகிற வேலைக்குப் போகிறான் என்று கேட்ட பிறகுதான் கொஞ்சம் ஆறினார். கைதட்டச் சொல்லி அவரை நான் வற்புறுத்த மாட்டேன். தோளில் தட்டினால் போதும்.

திருக்கோவிலான்

சரி தம்பி. அம்மா அப்படிச் சொன்னால் அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சுகமாகப் போய் வாருங்கள்.

கரோலினாக் காற்று

திருக்கோவில் அண்ணா சொன்னது எங்கள் வீட்டிலும் பேசப்பட்ட விஷயம். எங்கள் பெரியப்பா கடைசி வரை வரவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. மகள் அவருக்குத் தனியாகக் கடிதம் எழுதினாள்.

இனி வாசல் விஷயம். முகாம் வாசலில் ஆயுதத்தோடு காவலுக்கு நிற்பார்கள், எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கிப் பார்ப்பார்கள், வாகனத்தைத் திறந்து பார்க்கவும் கூடும். எங்கள் ஊர்ச் சென்ரிபோல அம்மாவுக்குத் தோன்றலாம். வருகிற ஒவ்வொருவருக்கும் இதுதான், எங்களைத் தனியாகப் பிடித்து நிறுத்தவில்லை என்று காரில் வைத்தே சொல்லுங்கள். அம்மாவின் கடவுச்சீட்டை நீங்களே கையில் வைத்துக் காட்டுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவர்கள் உள்ளே போகலாம். ஆனால் விவரங்களை முன்கூட்டியே சரிபார்ப்பார்கள். விழாவன்று காலையில் வாசலுக்குப் போய்க் கேட்கும் வேலை சரிவராது. பயிற்சி தொடங்கிச் சில வாரங்களில் பிள்ளையின் பிரிவிலிருந்து பெற்றோருக்குக் கடிதமோ அறிவிப்போ வரும், அதில் நடைமுறை இருக்கும். தங்கையிடம் சொல்லி, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இருவர் வருகிறார்கள் என்று பிரிவுக்கு இப்போதே மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். கடவுச்சீட்டு, விசா, அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவான ஐ-94 தாளின் அச்சுப் பிரதி மூன்றையும் சேர்த்து ஒரு உறையில் வையுங்கள். அந்தத் தாளை இணையத்தில் எடுக்கலாம். தங்கை வீட்டுக்காரரில் அமெரிக்கக் குடிமக்கள் யாராவது இருந்தால் அவர்களுடைய சாரதி அனுமதிப்பத்திரம் ரியல் ஐடி (முகாம் வாசலில் அடையாளமாக ஏற்கும்) வகையாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கடவுச்சீட்டு.

உடுப்பு: சேலை தாராளமாக உடுத்தலாம், நானும் சேலைதான். ஆனால் அலுமினியப் படிவரிசை, புல்தரை, நீண்ட நடை. தட்டையான செருப்பு, இல்லாவிட்டால் சப்பாத்து. நவம்பர் அதிகாலையில், முகாம் இருக்கும் கொலம்பியா நகரில் குளிர் 5, 6 பாகைக்கு இறங்கும், மத்தியானம் வெயில் சுள்ளென்று இருக்கும். சேலைக்கு மேல் தடித்த சுவெட்டர், காலுக்கு மேசு, கீழே விரிக்க ஒரு போர்வை. கோடையில் வருபவர்களுக்கு நிலைமை தலைகீழ், அந்த மைதானத்தில் நிழலே கிடையாது, தண்ணீரும் தொப்பியும் இல்லாமல் போக வேண்டாம்.

மாலை கொண்டு வராதீர்கள். சீருடைக்கு மேல் மாலை போட முடியாது. திருநீறு பூசுவதென்றால் பிள்ளையிடம் மெல்லக் கேட்டுவிட்டுப் பூசுங்கள். சீருடையில் இருக்கும் வரை அவனுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு, எல்லார் முன்னிலையிலும் சங்கடப்படக் கூடாது. காலில் விழுந்து கும்பிடுவதும் அப்படித்தான்.

செங்கலடித் தாதி

அம்மாவின் உடல்நிலை பற்றி. இன்சுலின் போடுகிறவர் என்றால் அது கைப்பொதியில்தான் வர வேண்டும், கீழே போடும் பொதியில் வைத்தால் உறைந்து பழுதாகலாம். மருந்துகளின் பெயர், அளவு, நோய் விவரத்தை ஆங்கிலத்தில் எழுதி வைத்தியரின் கையொப்பத்தோடு ஒரு கடிதம் எடுங்கள். நேர வித்தியாசம் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வருகிறது. ஊசியையும் சாப்பாட்டையும் எப்படி மாற்றுவது என்று புறப்படுவதற்கு முன் கிளினிக்கில் கேட்டு எழுதி வாங்குங்கள், விமானத்துக்குள் நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம். இடைக்கிடை எழுப்பி நடக்க வையுங்கள். பயணக் காப்புறுதி கட்டாயம் எடுங்கள், அமெரிக்காவில் ஒரு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தாலே செலவு எங்கள் வீட்டை விற்க வைக்கும். ஏற்கனவே உள்ள நோய்களுக்கும் அது பொருந்துமா என்று கேட்டு எடுங்கள்.

விழா நாளில் சாப்பாடு தாமதமாகும். பிஸ்கட், இனிப்பு கையில் இருக்க வேண்டும்.

டிக்கெட் தம்பி (மட்டக்களப்பு நகரம்)

நான் டிக்கெட் போடும் வேலையில் இருக்கிறேன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

விமான டிக்கெட் திகதி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், கொஞ்சம் காசு கூடினாலும் பரவாயில்லை. கொழும்பிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. டோஹா வழியாக அட்லாண்டா வரை போனால் ஒரே ஒரு மாற்றம்தான், அங்கிருந்து கொலம்பியாவுக்குக் காரில் மூன்றரை மணித்தியாலம் அளவில் பிடிக்கும். சார்லட் விமான நிலையம் இன்னும் கிட்ட, ஒன்றரை மணித்தியாலம். ஆனால் அதற்கு இன்னொரு மாற்றம் வரும். அம்மாவின் முழங்காலுக்கு மாற்றம் குறைந்த வழியே நல்லது.

மற்றது, நவம்பர் எங்களுக்கு மாரி. மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வந்தால் பொலன்னறுவை வீதியே மூடப்படும், ரயிலும் நிற்கும். விமானம் இரவு என்று அதே நாள் காலை மட்டக்களப்பிலிருந்து வெளிக்கிடும் பழக்கம் அந்த மாதத்தில் வேண்டாம். இரண்டு நாள் முன்பே இறங்கி நீர்கொழும்புப் பக்கம் தங்குங்கள். அம்மாவுக்கும் ஓய்வு கிடைக்கும்.

கரோலினாக் காற்று

திகதி மாற்றம் பற்றித் தம்பி சொன்னதை நான் அழுத்திச் சொல்கிறேன். காலில் அடிபட்டால், உடற்தகுதிச் சோதனையிலோ சுடும் சோதனையிலோ தவறினால், பிள்ளையைப் பின்னால் வரும் குழுவோடு சேர்த்துவிடுவார்கள். அப்போது விழா சில வாரங்கள் தள்ளிப் போகும். அது அவமானம் இல்லை, நிறையப் பிள்ளைகளுக்கு நடக்கிறது. கடைசிப் பகுதியில் த போர்ஜ் என்று 96 மணித்தியால வெளிக்களப் பயிற்சி இருக்கிறது. அது முடியும் வரை நிச்சயம் என்று எதையும் எடுக்காதீர்கள். டிசம்பர் நடுப்பகுதிக்கு மேல் தள்ளினால் கிறிஸ்மஸ் விடுமுறைக்குப் பயிற்சியே நின்று, பிள்ளைகளை இரண்டு வாரம் அளவில் வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அப்படி நடந்தால் நியூ ஜேர்சியில் வைத்தே பேரனைப் பார்க்கலாம்.

ஹோட்டலும் ரத்துச் செய்யக்கூடியதாக எடுங்கள். கொலம்பியாவில் பல்கலைக்கழகக் கால்பந்து ஆட்டம் இருக்கும் வார இறுதிகளில் அறை கிடைப்பதே கஷ்டம்.

சாய்ந்தமருதுக் கடல்

சாப்பாடு கொண்டு போவது பற்றி யாரும் சொல்லவில்லை. அம்மாமார் கேட்காமல் இருக்க மாட்டார்கள். இறைச்சி எந்த வடிவத்திலும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலை தடை, பழம், விதை வகை, அரிசியும் வேண்டாம். தொதல், அலுவா, முறுக்கு போன்றவை கொண்டு போகலாம். எதுவாக இருந்தாலும் சுங்கத்தில் கேட்கும்போது சாப்பாடு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். சொன்னால், கூடாததை எடுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்தால் அபராதம்.

வாவிக்கரை

அம்மா தயிரும் பனங்காய்ப் பணியாரமும் கேட்கிறார். தயிரை மறக்கச் சொல்லிவிட்டேன். பணியாரத்துக்குத் தங்கை வீட்டில் வழி செய்வோம்.

குடும்ப நாளில் பிள்ளையை வெளியே கூட்டிப் போகலாமா? சமைத்துக் கொடுக்கலாமா?

கரோலினாக் காற்று

வெளியே விடுவதா, முகாமுக்குள்ளேயே இருக்க வேண்டுமா என்று பிரிவின் தளபதி தீர்மானிப்பார். குழுவுக்குக் குழு மாறும். உள்ளேயே என்றாலும் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன, நிழலில் இருந்து சாப்பிடவும் இடம் உண்டு. அவன் சீருடையிலேயே இருக்க வேண்டும், மது கூடாது, வாகனம் ஓட்டக் கூடாது, சொன்ன நேரத்துக்கு ஒரு நிமிடமும் பிந்தாமல் திரும்ப வேண்டும். நேரம் பிந்தினால் தண்டனை அவனுக்கு, உங்களுக்கு இல்லை.

சமைத்துக் கொண்டு போங்கள், சோறும் கறியும் கண்டால் அழுவான். ஆனால் அளவாகக் கொடுங்கள். இத்தனை வாரமாக முகாம் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிப் பழகிய வயிறு. அம்மாவின் கையால் மூன்று கோப்பை சோறு சாப்பிட்டுவிட்டு அடுத்த நாள் அணிவகுப்பில் மயங்கி விழுந்த பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவன் பேச்சுக் குறைவாக இருந்தால் துருவிக் கேட்காதீர்கள். என் மகள் முதல் ஒரு மணித்தியாலம் மரத்தடியில் என் மடியில் நித்திரை கொண்டாள். கைத்தொலைபேசி கிடைத்ததும் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்கும் கோபிக்க வேண்டாம். வியாழன் விழா முடிந்ததும் சிலரை அன்றைக்கோ அடுத்த நாளோ அடுத்த பயிற்சி இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். வீட்டுக்கு வருவான் என்று அம்மாவுக்கு நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பயிற்சி நடக்கும்போது ஊரில் மரணமோ பெரிய வருத்தமோ என்றால், அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாகத்தான் முகாமுக்கு அவசரச் செய்தி போகும். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிரிவின் பெயர் மூன்றும் தங்கை வீட்டில் எழுதி ஒட்டியிருக்கட்டும்.

ஏறாவூர் தங்கச்சி

எங்கள் மச்சானும் அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போகப் போகிறார். எங்களுக்கு விசா கிடைக்குமோ தெரியாது. போக முடியாதவர்கள் என்ன செய்வது? யாரும் வராத பிள்ளை அப்படியே நிற்குமா?

கரோலினாக் காற்று

நிற்க விடமாட்டார்கள், தங்கச்சி. பக்கத்துப் பிள்ளையின் குடும்பம் வந்து தட்டும். நானும் என் மகளுக்குப் பிறகு அவளுடைய அறைத் தோழிக்குத் தட்டினேன், அந்தப் பிள்ளையின் தாய் பிலிப்பைன்ஸில். சாப்பாட்டுக்கும் எங்களோடுதான் இருந்தாள். மச்சானுக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சொல்லுங்கள், யாரோடு சேர்ந்துகொள்வது என்று முன்பே பேசி வைக்கட்டும். இலங்கையிலிருந்து தபாலில் போடும் கடிதம் போய்ச் சேர நிறைய நாள் எடுக்கலாம். அங்குள்ள உறவினருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர்கள் தாளில் எடுத்துத் தபாலில் போடலாம்.

விழாவை முகாமின் அதிகாரப்பூர்வ இணையப் பக்கங்களில் நேரலையாகக் காட்டுவது வழக்கம். குளிர்காலத்தில் அங்கு காலை 9 மணி என்றால் உங்களுக்கு இரவு 7.30. கோடையில் மாலை 6.30. விசா எடுக்க முயல்வதென்றால் பயிற்சித் திகதி வரும் வரை காத்திருக்காதீர்கள், பத்து வாரத்துக்குள் நேர்முகத்துக்கு நாள் கிடைப்பது நிச்சயமில்லை.

வாவிக்கரை

காணொளியை அம்மாவுக்குப் போட்டுக் காட்டத் தொடங்கிவிட்டேன். முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது சத்தத்தோடு பார்க்கிறார், "இதில எங்கட பிள்ளை எது?" என்று கேட்கிறார். டிக்கெட் டோஹா வழியாக, திகதி மாற்றக்கூடியது. பிள்ளையின் கொம்பனி, அதாவது அவன் இருக்கும் படைக்குழு, பிராவோ (B) என்று தங்கைக்குக் கடிதம் வந்திருக்கிறது. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி எங்கே கேட்பது?

டிக்கெட் தம்பி

விமானத்துக்கு நான் இன்றே பதிந்துவிடுகிறேன் அண்ணா, குறைந்தது 48 மணித்தியாலத்துக்கு முன் சொல்லியிருக்க வேண்டும். டோஹாவிலும் அட்லாண்டாவிலும் வாசலுக்கே வந்து கூட்டிப் போவார்கள்.

கரோலினாக் காற்று

மைதானத்துக்குத் தங்கை ஒரு மடக்குச் சக்கர நாற்காலியை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ காரில் வைக்கட்டும். நடக்க முடியாதவர்களுக்கு இடம் ஒதுக்குவார்கள், வாகனம் நிறுத்தும் இடத்திலேயே கேளுங்கள். கொம்பனி எழுத்து மட்டும் போதாது, பட்டாலியன் (பல கொம்பனி சேர்ந்தது) இலக்கமும் பிளாட்டூன் (கொம்பனிக்குள் சின்னக் குழு) இலக்கமும் வேண்டும், ஒவ்வொரு பட்டாலியனிலும் ஒரு பிராவோ இருக்கும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருப்பார்கள். கொம்பனிக்கு முன்னால் பிடித்திருக்கும் சின்னக் கொடியைப் பார்த்து நடந்தால் நேரே அவனிடம் போகலாம். காலை 7 மணிக்கே உள்ளே போய்விடுங்கள், வாசலில் வரிசை நீளம்.